தம்பிக்கு வால் இருந்த காலம்

காது மடலைப் போல மெத்தென்று இருக்கும், ஆனால் காது மடலைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். என் தம்பி சஞ்சீவன் பிறந்து வீட்டுக்கு வந்த புதிதில், அவனைக் குளிப்பாட்டித் துவாயில் குப்புறக் கிடத்திவிட்டு அம்மா பவுடர் எடுக்கத் திரும்பும் சமயம் பார்த்து, முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் என் சுண்டுவிரல் அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்த அதை நான் ஒற்றை விரலால் தொட்டுப் பார்ப்பேன். நுனியில் பூனைமயிர் போலக் கொஞ்சம் ரோமம் இருந்தது. தொட்டால் அவன் அசைய மாட்டான், அழவும் மாட்டான். எனக்கு அப்போது ஒன்பது வயது. உலகத்தில் வேறு எந்தப் பிள்ளைக்கும் இல்லாத ஒன்று எங்கள் பிள்ளைக்கு இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

குறும்பு செய்கிற பிள்ளையைச் "சரியான வால்" என்று செல்லமாகத் திட்டுவது எங்கள் ஆட்களின் வழக்கம். தம்பி பிறந்த நாளோடு எங்கள் வீட்டில் அந்தச் சொல் நின்றுபோயிற்று. அம்மா "அது" என்றார். அப்பாவின் அக்கா, அதாவது எங்கள் மாமி, "அடையாளம்" என்றார். அப்பா "எச்ச உறுப்பு" என்றார். ஒரு சின்னத் தசைத் துண்டுக்கு மூன்று பெயர்கள் இருந்தன, மூன்றையும் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்கள்.

நாங்கள் அப்போது வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடி வீடொன்றின் மேல் தளத்தில் வாடகைக்கு இருந்தோம். ரயில் போகும்போதெல்லாம் அலுமாரிக்குள் கண்ணாடிக் கோப்பைகள் கிணுகிணுக்கும். அப்பா பாடசாலையில் உயிரியல் படிப்பித்தார். சனிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனையில் உயர்தர மாணவர்களுக்கு ரியூசன் வகுப்பும் எடுத்தார். இந்தியாவில் பரிணாமம் என்று சொல்வதை எங்கள் பாடநூல்கள் கூர்ப்பு என்று சொல்லும். அந்தப் பாடம் வரும் வாரங்களில் அப்பா சாப்பாட்டு மேசையிலும் அதைத்தான் கதைப்பார். மீனின் செட்டை கையான விதம், திமிங்கிலத்தின் வயிற்றுக்குள் ஒளிந்திருக்கும் இடுப்பெலும்பு, நமக்கு எதற்கும் உதவாமல் முதுகின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் வாலெலும்பு என்று சொல்லிக்கொண்டே போகும்போது அவருடைய கண் மினுங்கும். அவர் கோயிலுக்குப் போவதில்லை. ஆனாலும் அந்தப் பாடத்தின்மேல் அவருக்கு இருந்ததைப் பக்தி என்றே சொல்லலாம், அவர் காதில் விழாமல் சொன்னால்.

மாமி கொட்டாஞ்சேனையில் இருந்தார். தாயில்லாத அப்பாவை வளர்த்தவர் அவர்தான். பிள்ளைகள் இல்லாத மாமி, தன் தம்பியான அப்பாவுக்கு ஓர் ஆண் குழந்தை வேண்டும் என்று ஆஞ்சநேயருக்கு வடைமாலை நேர்ந்திருந்தார். நேர்த்தி வைத்த வருடமே அம்மா கர்ப்பமானார். பிறந்தது ஆண் குழந்தை, அதுவும் வாலோடு. இதைவிட வெளிப்படையாக ஒரு தெய்வம் எப்படிப் பதில் சொல்லும் என்று மாமி கேட்டால் எவராலும் மறுத்துப் பேச முடியாது. பிள்ளைக்குச் சஞ்சீவன் என்று பெயர் வைத்ததும் அவர்தான். சஞ்சீவி மலையை நினைத்து அவர் வைத்தார். உயிர் என்ற பொருள் அதில் இருப்பதால் அப்பாவும் சரி என்றார்.

பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரியில், துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் ஒருவர், இதைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரிடம் காட்டி ஒரு ஸ்கேன் எடுங்கள் என்று சொல்லித்தான் விட்டார். அம்மா அதை மறக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் இரண்டு பக்கமும் கதவு அடைக்கப்பட்டது.

"கருவில எல்லாருக்கும் வால் இருந்ததுதான்" என்பார் அப்பா. "எங்களுக்கு மறைஞ்சு போச்சு, இவனுக்கு மிஞ்சிப் போச்சு. நோவில்லை, நொடியில்லை. இது எனக்குத் தெரியாத விசயமோ? வளந்தாப்போல பாப்பம்."

"வெட்டுறதோ" என்பார் மாமி. "கேட்டு வாங்கின பிள்ளை. குடுத்தவர் தன்ர அடையாளத்தோட குடுத்திருக்கிறார். அதில கத்தி வைச்சா ஆருக்குப் பழி?"

திருநீறு பூசுவதில் இருந்து தேர்தலில் வாக்குப் போடுவது வரை எந்த ஒரு விடயத்திலும் ஒத்துப்போகாத அக்காவும் தம்பியும், வாழ்க்கையில் முதன்முதலாக ஒரே முடிவில் வந்து நின்றார்கள். இரண்டு பேரும் அதை விட்டுவிடு என்றார்கள். ஒருவர் விஞ்ஞானத்தின் பெயரால் சொன்னார், மற்றவர் தெய்வத்தின் பெயரால் சொன்னார். அம்மாவிடம் சொல்வதற்கு அப்படிப் பெரிய பெயர் எதுவும் இருக்கவில்லை. பயம் மட்டும் இருந்தது, பயத்தை எங்கள் வீட்டில் யாரும் ஒரு காரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

அம்மா வேலைக்குத் திரும்பிய பிறகு, சனிக்கிழமைகளில் அவருக்கு அரை நாள் கந்தோர் இருந்ததால், அப்பா எங்கள் இருவரையும் ஓட்டோவில் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிக்கொண்டு போவார். மாமி பிள்ளையைப் பார்ப்பார், அப்பா வகுப்பை முடித்துக்கொண்டு வருவார். அப்படி ஒரு சனிக்கிழமை அப்பா மாமி வீட்டில் எங்களை இறக்காமல், நேரே வகுப்புக்கே கொண்டுபோனார். கடை ஒன்றின் மேல்மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, வாங்குகளில் நெருக்கியடித்துக்கொண்டு மாணவர்கள் இருந்தார்கள். அப்பா தன் மேசையில் ஒரு விரிப்பை விரித்து, தம்பியைக் குப்புறக் கிடத்தி, நப்கினைக் கழற்றினார்.

"இது புத்தகத்தில இருக்கிற படமில்லை" என்றார். "இது என்ர மகன். கூர்ப்புக்கு இதைவிடப் பெரிய சாட்சி உங்களுக்கு ஒருத்தரும் காட்டமாட்டினம். கிட்ட வந்து பாருங்கோ."

அவர்கள் வரிசையாக வந்து பார்த்தார்கள். கழுத்தில் சின்னச் சிலுவை போட்டிருந்த ஒரு பெண்பிள்ளை மட்டும் எழும்பாமல் இருந்த இடத்தில் இருந்தே, "அப்ப சேர், கடவுள் எங்களைப் படைக்கேல்லையோ?" என்று கேட்டாள். பகிடிக்குக் கேட்ட மாதிரித் தெரியவில்லை, அவள் முகம் வாடியிருந்தது. "படைச்சவர் கடைசியா இதை அழிக்க மறந்து போனாரோ எண்டு அவரிட்டையே கேளும்" என்றார் அப்பா. வகுப்பு சிரித்தது. தம்பியின் இடது கால் மேசை விளிம்புக்கு வெளியே நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதை இழுத்துக்கொள்ளவில்லை. நான் போய் அதைத் தூக்கி மேலே வைத்தேன். எவ்வளவு அமைதியான பிள்ளை என்று யாரோ சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

அன்று மத்தியானம் மாமி வீட்டுச் சாமியறையில் அதே பிள்ளை, ஆஞ்சநேயர் படத்துக்கு முன்னால் ஒரு தலையணையில் திரும்பவும் குப்புறக் கிடந்தான். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்திருந்தார்கள். தொட்டு நினைத்தால் நினைத்தது நடக்கும் என்று ஒரு கதை அந்தத் தெருவில் அதற்குள் பரவியிருந்தது. கலியாணம் சரிவராத ஒரு அக்கா சந்தனத்தைக் குழைத்து அதில் பூசிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார். வெற்றிலை மாலையின் பச்சை மணமும் வடை பொரித்த எண்ணெய் மணமும் அந்த அறையை நிறைத்திருந்தன. அப்பா வெளியே கதிரையில் பேப்பரை விரித்துக்கொண்டு, உள்ளே நடப்பதை நினைத்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார். வகுப்பில் கடவுளைப் பகிடி பண்ணிய அதே வாயால் அவர் அன்று நான்கைந்து வடைகளையும் சாப்பிட்டார்.

இன்றைக்கு அந்த நாளை நினைத்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. இரண்டு இடத்திலும் அன்புள்ளவர்கள்தான் அவனைச் சூழ்ந்து நின்றார்கள். இரண்டு இடத்திலும் அவன் முகம் துணியில் புதைந்திருந்தது.

அம்மா பார்த்தது வேறு. குளிப்பாட்டும்போது வலது கால் தண்ணீரை அடிக்கிறது, இடது கால் அடிக்கவில்லை. இடது காலுறை மட்டும் எந்நேரமும் கழன்று விழுகிறது. இரண்டு பாதங்களையும் உள்ளங்கைகளில் வைத்துப் பார்த்தால் இடது பாதம் ஒரு நூல் சிறிதாக இருக்கிறது. ஒவ்வொன்றாக அப்பாவிடம் சொன்னார். "எல்லாப் பிள்ளையளும் ஒரே அச்சிலையோ வார்க்கிறது" என்று அப்பா கேட்டார். மாமியிடமும் சொல்லிப் பார்த்தார். "மச்சாள், நீர் கண்ணூறு படுத்தாதையும்" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அம்மா சொல்வதை நிறுத்திவிட்டு, பார்ப்பதை மட்டும் செய்துகொண்டிருந்தார்.

தம்பிக்கு முதற்பல் முளைத்தது. எங்கள் ஆட்களிடம் அதற்கு ஒரு சடங்கு உண்டு. பல்லுக்கொழுக்கட்டை என்பார்கள். விளிம்பில் தேங்காய்ச் சொட்டுகளைப் பல்லுப் போலப் பதித்துக் கொழுக்கட்டை அவித்து, பிள்ளையை நடுவில் இருத்தி, தலைக்கு மேலே வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு, அதில் கொழுக்கட்டைகளைக் கொட்டுவார்கள். பிறகு புத்தகம், பேனை, நகை என்று முன்னால் பரப்பிவைப்பார்கள். பிள்ளை தவழ்ந்து போய் எதை எடுக்கிறதோ, அதுதான் அதன் வருங்காலம். எங்கள் வீட்டுச் சடங்கில் அப்பா தன்னுடைய தடித்த உயிரியல் புத்தகத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். மாமி அதற்குப் பக்கத்தில், எங்கோ சொல்லிச் செய்வித்த கையளவு வெள்ளிக் கதாயுதம் ஒன்றை வைத்தார். வந்திருந்தவர்கள் யார் வெல்வது என்று பந்தயம் பிடிக்காத குறையாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொழுக்கட்டை அவிய நேரமெடுத்தது. நல்ல நேரம் முடியப்போகிறது என்று மாமி அவசரப்படுத்தினார். அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு சுளகில் கொட்டி, மேலே இருந்தவற்றைத் தொட்டுப் பார்த்து, "ஆறியிட்டுது" என்றார். மேலே இருந்தவை ஆறித்தான் இருந்தன. துணியில் விழுந்து உருண்டவற்றில் ஒன்று தம்பியின் இடது பாதத்தில் விழுந்து வெடித்து, உள்ளே இருந்த பயறும் சர்க்கரையும் தோலில் அப்பிக்கொண்டது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்னால் இருந்த சாமான்களைக் கண்டு சிரித்துக்கொண்டே கைகளை ஊன்றி இழுத்து இழுத்து முன்னேறினான். வலது முழங்கால் தள்ளியது, இடது கால் பின்னால் இழுபட்டுக்கொண்டு போனது.

"பாருங்கோ, அனுமார் கடல் தாண்டுறார்" என்றார் மாமி.

"இது நாலு காலில போற கட்டம்" என்றார் அப்பா. "இதுக்குப் பிறகுதான் நிமிருறது."

தம்பி புத்தகத்தின் மேல் கையை வைத்தான். அப்பாவின் பக்கத்து ஆட்கள் கைதட்டினார்கள். அம்மா மட்டும் குனிந்து, அவன் பாதத்தில் ஒட்டியிருந்ததைத் துடைக்கக் கையை வைத்தார், வைத்த வேகத்தில் கையை உதறினார். சர்க்கரைப் பாகு இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. துடைத்த இடத்தில் தோல் சிவந்து கொப்புளம் போடத் தொடங்கியிருந்தது. தம்பி புத்தகத்தின் மட்டையைக் கடித்துக்கொண்டிருந்தான்.

கைதட்டல் ஓயும் வரை அம்மா முழந்தாளில் இருந்தபடியே இருந்தார். பிறகு, சத்தம் போடாமல், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"நீங்கள் ரெண்டு பேரும் பிள்ளையின்ர வாலையே பாத்துக்கொண்டிருந்தனீங்கள். காலை ஆர் பாக்கிறது? இது சுட்டும் இவன் அழேல்லை."

அம்மா தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, சடங்குக்குக் கட்டிய கூறைச் சேலையோடு மாடிப்படி இறங்கிப் போனார். அப்பா செருப்பைத் தேடி, கிடைக்காமல், வெறுங்காலோடு பின்னால் ஓடினார். நானும் ஓடினேன். ஓட்டோ ஆஸ்பத்திரிக்குப் போனது. அப்பா தம்பியின் இடது பாதத்தைப் பிடித்துக்கொண்டு, பெருவிரலை மெதுவாக நுள்ளிப் பார்த்தார். திரும்பவும் சற்று அழுத்தி நுள்ளினார். பிறகு கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி, சத்திரசிகிச்சை நிபுணர் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து விளக்கினார். அப்பா பிற்பாடு பல தடவை சொல்லிக் கேட்டதால் அது எனக்கு இப்போது மனப்பாடம். அது வாலே அல்ல. கருவில் இருந்து மறையாமல் மிஞ்சிய வாலும் அல்ல. முதுகெலும்பு அடியில் சரியாக மூடிக்கொள்ளாமல் விட்ட இடைவெளியால் உள்ளே இருந்த கொழுப்புக் கட்டி வெளியே தோலைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. அதன் மறுமுனை உள்ளே முண்ணாணோடு, முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டோடு, ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிள்ளை வளர வளர அது நரம்பை இழுத்துப் பிடிக்கிறது, அதனால்தான் கால் சோர்கிறது. இன்னும் விட்டால் இரண்டு காலும் போகும். இப்போது அறுத்து விடுவித்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம், போனது முழுதாகத் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது என்றார்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப இது வால் இல்லையோ?" என்று ஒரு சின்னப் பிள்ளையைப் போலத் தமிழில் கேட்டார். டொக்டருக்கு அது விளங்கவில்லை. அம்மா அதை மொழிபெயர்க்கவில்லை.

சத்திரசிகிச்சை முடிந்த அன்று அறைக்கு வெளியே நடந்த ஒரு சின்னச் சம்பவத்தை நான் சொல்லியாக வேண்டும். வெட்டி எடுத்ததைப் போத்தலில் போட்டுத் தருவார்களா என்று அப்பா தாதியிடம் கேட்டார். பழக்க தோசம்தான், வேறொன்றுமில்லை. அதே நேரம் மாமி, அதைத் தன்னிடம் தந்தால் மஞ்சள் துணியில் முடிந்து கடலில் விடுவேன், தெய்வக் குற்றம் ஆகாமல் இருக்கும் என்றார். அம்மா இருவரையும் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருக்கவில்லை, பெரிய அலுப்பு இருந்தது. "ஒருத்தருக்கும் வேண்டாம்" என்றார் தாதியிடம். அது ஆய்வுகூடத்துக்குப் போய் அங்கேயே முடிந்தது.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள்தான் எங்கள் வீட்டில் மிக நீண்டவை. மற்றப் பிள்ளைகள் ஓடித் திரியும் வயதில் தம்பி கதிரைக் காலைப் பிடித்து எழும்பி, எழும்பி, இடது முழங்கால் மடிந்து உட்கார்ந்துவிடுவான். அப்பாவின் மேசைக்கு மேலே, குனிந்த உருவமொன்று படிப்படியாக நிமிர்ந்து மனிதனாகும் படம் ஒன்று ஒட்டியிருந்தது. ஒரு நாள் அது சுவரில் இருக்கவில்லை. பின்னேரங்களில் அப்பா நிலத்தில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டி, "வா ராசா, வா" என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பார். நாலு கால் விலங்கொன்று இரண்டு காலில் எழும்பி நிற்க எத்தனை லட்சம் வருடங்கள் எடுத்தன என்று வகுப்பில் மூச்சு விடாமல் சொல்கிற மனிதர், கதிரையிலிருந்து கதவு வரைக்குமான தூரத்தை மகன் நடந்து கடப்பானா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். மாமி அங்கே கொட்டாஞ்சேனையில் வெள்ளிக்கிழமை விரதம் இருந்தார். தம்பி முதன்முதலாகக் கை விட்டு நடந்து வந்து அப்பாவின் நெஞ்சில் விழுந்த அன்று, மாமி கோயிலில் தேங்காய் உடைக்கப் போவதாகச் சொன்னார். போகாதே என்று அப்பா சொல்லவில்லை, கூடவே போனார். கும்பிட்டாரா என்று எனக்குத் தெரியாது. வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் தம்பியைத் தூக்கிக்கொண்டு நின்றார் என்று மாமி சொன்னார்.

அப்பா கூர்ப்பை நம்புவதை விடவில்லை, விட வேண்டிய தேவையும் இல்லை. நமது முதுகின் அடியில் வாலெலும்பு இருக்கத்தான் செய்கிறது, கருவில் எல்லோருக்கும் வால் தோன்றி மறையத்தான் செய்கிறது. பாடத்தில் பிழை இல்லை. என் தம்பி அந்தப் பாடத்துக்கு உதாரணமாகப் பிறந்தவன் அல்ல என்பதைத்தான் அவர் கவனிக்கத் தவறினார். மாமியின் தெய்வத்திலும் நான் பிழை சொல்ல மாட்டேன். அவரவருக்குத் தெரிந்த பெரிய கதைக்குள் ஒரு கைக்குழந்தையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அது அங்கே சுகமாக இருக்கும் என்று நம்பினார்கள். பிற்காலத்தில் அந்தப் பாடம் வரும்போதெல்லாம் அப்பா வகுப்பை நிறுத்திவிட்டு, "கண்ணால கண்ட உடன ஒண்டுக்கும் பேர் வைக்காதேங்கோ" என்று சொல்வாராம். ஏன் சொல்கிறார் என்று விளக்க மாட்டாராம். அவரிடம் படித்த ஒருவர், இன்று டொக்டராக இருப்பவர், அப்பாவின் செத்தவீட்டில் வைத்து இதை எனக்குச் சொன்னார்.

மாமியும் இல்லை. கொட்டாஞ்சேனை ரியூசன் மண்டபத்தின் தகரக் கூரையைக் கழற்றிவிட்டு, மேலே இன்னும் சில தளங்கள் எழுப்பி, கீழே கைத்தொலைபேசிக் கடை வைத்திருக்கிறார்கள். ரயில் போகும்போது கோப்பைகள் கிணுகிணுத்த எங்கள் மாடி வீடு இருந்த இடத்தில் இப்போது தொடர்மாடி ஒன்று கடலை மறைத்துக்கொண்டு நிற்கிறது. அந்தக் காலத்தில் எடுத்த படங்களில் தம்பியைக் குப்புறக் கிடத்தி எடுத்தவற்றை அம்மா தேடித் தேடிக் கிழித்துவிட்டார். அது இருந்ததற்கு இன்றைக்கு மிஞ்சியிருப்பவை, தம்பியின் முதுகில் ஒரு நீளத் தையல் தழும்பு, இடது பாதத்தில் ஒரு வட்டச் சூட்டுத் தழும்பு, என் விரல் நுனியில் அந்தக் குளிர்ச்சி.

சஞ்சீவன் இன்று நன்றாக நடக்கிறான். இடது பக்கம் கொஞ்சம் சாய்வான். சப்பாத்து வாங்கப் போனால் இரண்டு அளவில் இரண்டு சோடி வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒன்றை விட்டுவிட்டு வருவான். இடது பாதத்தில் இன்றும் சூடு குளிர் தெரியாது. போன மாதம் அவனுடைய மகளுக்குப் பல்லுக்கொழுக்கட்டை. அதே வெள்ளவத்தையில், அவன் வசிக்கும் தொடர்மாடியில்தான் சடங்கு. இப்போதெல்லாம் கொழுக்கட்டையைச் சொல்லிச் செய்விக்கிறார்கள். அது ஆறிப்போய்ப் பெட்டிக்குள் வந்தது. தலையில் கொட்டினார்கள், பிள்ளை கைதட்டியது, எல்லோரும் படம் எடுத்தார்கள். சாமான்களைப் பரப்பப் போன நேரத்தில் தம்பி எழும்பிக் குசினிக்குள் போனான். ஒற்றைக் கொழுக்கட்டையைச் சூடாக்கி, ஒரு தட்டில் வைத்துக்கொண்டு வந்தான். முதலில் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தான், ஊதினான், திரும்பவும் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். பிறகு நிலத்தில் உட்கார்ந்து, மகளின் வலது உள்ளங்காலில் அதைத் தொட்டான். பிள்ளை காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. இடது உள்ளங்காலில் தொட்டான். அதையும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, வீறிட்டு அழத் தொடங்கியது.

என்ன விசர் வேலை என்று அவன் மனைவி ஓடிவந்து பிள்ளையைத் தூக்கினாள். மூலையில் கதிரையில் இருந்த அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். தம்பி இன்னும் நிலத்தில்தான் இருந்தான். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, ரெண்டையும் இழுத்தவள்" என்றான். "கண்டனீங்களோ?"